எந்த அண்டிவைரஸ் வாங்கலாம்? ஹட்டனிலிருந்து ஒரு பதில்

தலவாக்கலைக்கு அருகில் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார்: "மகளுக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். விற்றவர் 'ஃபுல் வேர்ஷன் அண்டிவைரஸ் போட்டிருக்கிறேன்' என்றார். ஒரு மாதத்திலேயே அது சிவப்புப் பெட்டி காட்டிப் பணம் கேட்கிறது. வீட்டில் டொங்கிள் இணையம்தான். மழை மூடினால் அதுவும் இல்லை. எந்த அண்டிவைரஸை வாங்கலாம்? இலவசமானது போதுமா?"

டீச்சர், மகளுக்கு என் வாழ்த்துகள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். கடைக்காரர் போட்டதை நீக்கிவிட்டு, வின்டோஸுடன் வரும் மைக்ரோசொப்ட் டிஃபென்டரை ஒழுங்காக வேலை செய்ய விடுங்கள். அண்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தில் வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்குங்கள். ஹட்டனில் பதினேழு ஆண்டுகளாகக் கணினி திருத்துகிறேன். என் மேசைக்கு வந்த கணினிகளில் "நல்ல அண்டிவைரஸ் இல்லாததால்" கெட்டுப்போனவை குறைவு. இருந்த அண்டிவைரஸை யாரோ கைகட்டி நிற்க வைத்ததால் கெட்டவையே அதிகம்.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மகளின் கணினியில் வின்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பகுதிக்குள் செல்லுங்கள். அங்கே மனேஜ் செட்டிங்ஸை அழுத்திக் கீழே இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்றொரு பட்டியல் வரும். "இவற்றைச் சோதிக்காதே" என்று டிஃபென்டருக்குச் சொல்லிவைக்கும் பட்டியல் அது. புதிய கணினியில் அது வெறுமையாக இருக்கும். சென்ற ஆண்டு நோர்வூட்டிலிருந்து வந்த மடிக்கணினி ஒன்றில் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ். முழு சி டிரைவும்! வின்டோஸ், பதிந்த மென்பொருள்கள், பாவனையாளரின் ஆவணங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. ஆனால் திரையின் மூலையில் கேடயப் படமும் பச்சைக் குறியும் எந்தக் குறையுமில்லாமல் நின்றன. அந்தப் பச்சைக் குறியை நம்பி ஒரு குடும்பம் எட்டு மாதம் அந்தக் கணினியைப் பாவித்திருக்கிறது.

இதற்குக் காரணம் கிரெக், அதாவது உரிமப் பூட்டை உடைத்து மென்பொருளை ஓடவைக்கும் கள்ள வேலை. உரிமம் இல்லாத வின்டோஸையும் ஒஃபிஸையும் "அக்டிவேட்" செய்யும் கள்ளக் கருவிகளை டிஃபென்டர் பிடித்துவிடும். ஆகவே அவற்றைப் பதிபவர் முதலில் டிஃபென்டரை நிறுத்துகிறார், அல்லது மேலே சொன்னதுபோல் அதன் கண்ணைக் கட்டுகிறார். "ஃபுல் வேர்ஷன்" என்று இலவசமாகக் கிடைக்கும் அண்டிவைரஸின் கதையும் பெரும்பாலும் இதுதான். அது ஒரு மாதச் சோதனைப் பதிப்பாக இருக்கலாம். மூன்று கணினிகளுக்கான ஒரு சாவியைப் பலருக்குப் பங்கு போட்டதாக இருக்கலாம். கிரெக் செய்ததாகவும் இருக்கலாம். கடைசி வகைதான் மிக மோசமானது. அண்டிவைரஸ் கணினியின் எல்லா இடங்களுக்கும் போகும் அதிகாரம் பெற்ற மென்பொருள். அதையே யாரோ ஒருவர் பிரித்து மாற்றி எழுதியிருக்கிறார் என்றால், வீட்டுச் சாவியை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்ததற்குச் சமம்.

ஆகவே பாவித்த கணினியை வாங்கினால், நான் செய்யும் முதல் வேலை வின்டோஸை அடியோடு அழித்துப் புதிதாகப் பதிவது. பலர் இதற்குத் தயங்குகிறார்கள்: "உரிமம் இல்லையே, பிறகு யார் அக்டிவேட் செய்வது?" வின்டோஸ் 8 காலம் முதல், பெயர் பெற்ற கம்பனிகள் வின்டோஸுடன் விற்ற மடிக்கணினிகளில் உரிமச் சாவி தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். அதே வகை வின்டோஸைப் (ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ) போட்டு இணையத்துடன் இணைத்தால் அது தானாகவே உரிமத்தை எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடிக் களைத்து இங்கே வரும் பாவித்த மடிக்கணினிகள் பலவற்றில் நல்ல உரிமம் உள்ளேயே கிடக்கிறது; அதன் மேல் கள்ள வின்டோஸைப் போட்டு விற்கிறார்கள். மனம் கொதிக்கிற விஷயம் இது. பதிவதற்கான கோப்பை மைக்ரோசொப்டின் இணையத்தளத்திலிருந்து இலவசமாகவே இறக்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். கோப்பு பல ஜிபி அளவு என்பதால் டொங்கிளில் முயல வேண்டாம். ஃபைபர் இணைப்புள்ள உறவினர் வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பதியும்போது எந்த வின்டோஸ் என்பதையும் பாருங்கள். வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. தனிநபர்கள் பெயர் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் அறிவித்தது. டிஃபென்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் வின்டோஸ் 10 இல் 2028 ஒக்டோபர் வரை புதுப்பிக்கப்படும். இதைக் கேட்டு "அப்படியானால் 2028 வரை பயமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பட்டியல் புதிதாக இருந்தாலும் வின்டோஸில் விழுந்த ஓட்டையை அது அடைக்காது. 2017 மே 12 அன்று வொன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அதைப் போடாமல் கிடந்த கணினிகளே பெருமளவில் சிக்கின. ஆகவே மகளின் கணினி வின்டோஸ் 11 ஐ ஏற்குமானால் அதையே போடுங்கள். இன்டெல் சிப் என்றால் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். ஏற்காத பழைய கணினி என்றால் நீட்டிப்புக்குப் பெயர் பதிந்து கொஞ்ச காலம் ஓட்டலாம். அதற்குள் வேறு வழி பார்க்க வேண்டும். வின்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் ஒரு நல்ல வழி, ஆனால் கல்லூரியில் எல்லோரும் வேர்ட் கோப்புகளோடு இருக்கும்போது ஒரு பிள்ளையைத் தனியாக அதில் இறக்கிவிட எனக்கு மனமில்லை.

இனி டிஃபென்டர் போதுமா என்ற கேள்வி. 2012 இல் வந்த வின்டோஸ் 8 முதல் அது முழுமையான அண்டிவைரஸாக உள்ளேயே வருகிறது. தொடக்க ஆண்டுகளில் பரிசோதனைகளில் அது கடைசி வரிசையில்தான் நின்றது. நானும் அப்போது அதை நம்பவில்லை. இன்று நிலைமை வேறு. ஜெர்மனியின் மக்டபேர்க் நகரில் இயங்கும் ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், பாவனை எளிமை என்று மூன்று பிரிவுகளில் ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளிகள் கொடுக்கிறது. டிஃபென்டர் இப்போது வழமையாகவே பாதுகாப்புக்கு முழுப் புள்ளி வாங்குகிறது.

ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்கு முக்கியமான ஒரு குறை அதற்கு உண்டு. அதை விளக்க, தோட்டத்து வாச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த திருடர்களின் முகம் அவருக்கு மனப்பாடம், கண்டவுடன் பிடிப்பார். அதுதான் வைரஸ் பட்டியல். முகம் தெரியாதவராக இருந்தாலும் நடுச்சாமத்தில் சாக்கு மூட்டையோடு ஸ்டோர் பக்கம் போனால் மறிப்பார். அது நடத்தையைப் பார்த்துப் பிடிப்பது. இரண்டிலும் சேராத ஒருவர் வந்தால் அலுவலகத்துக்கு அழைப்பு எடுத்து "இப்படி ஓர் ஆள் வந்திருக்கிறார், விடலாமா?" என்று கேட்பார். டிஃபென்டர் இந்த மூன்றாவது வழியில் அதிகம் தங்கியிருக்கிறது. புதிய கோப்பு ஒன்றைக் கண்டால் இணையம் வழியாக மைக்ரோசொப்டின் சேவையகத்திடம் விசாரிக்கும். சிக்னல் இல்லாவிட்டால் தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுக்கும். ஒஸ்ட்ரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் உள்ள ஏவி-கம்பரட்டிவ்ஸ் நிறுவனம் இணையம் உள்ளபோதும் இல்லாதபோதும் தனித்தனியாகச் சோதிக்கிறது. இணையம் இல்லாதபோது டிஃபென்டரின் பிடிக்கும் திறன் கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்குகிறது. பிட்டிஃபென்டர் போன்ற வேறு கம்பனிகளின் அண்டிவைரஸ்கள் அந்த இடத்தில் அவ்வளவு இறங்குவதில்லை.

கொழும்பில் ஃபைபர் இணைப்போடு உட்கார்ந்து எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மழை மூடினால் சிக்னல் போகும் தோட்டத்தில் இருப்பவர் கவனிக்கத்தான் வேண்டும். மகள் பெரும்பாலும் விடுதியில் இணையத்தோடு இருப்பாள் என்றால் டிஃபென்டரே போதும். நாட்கணக்கில் இணையம் இல்லாமல், ஆனால் பலருடைய பென் டிரைவ்களும் வந்து போகும் கணினி என்றால் பிட்டிஃபென்டரின் இலவசப் பதிப்பைப் போடலாம். அதற்கும் ஒரு கணக்குத் திறந்து, இணையம் கிடைக்கும் நாட்களில் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அதைப் பதிந்ததும் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அது பிழையில்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டு அண்டிவைரஸ்களைச் சேர்த்து ஓடவிட மட்டும் முயல வேண்டாம். இருட்டில் இரண்டு வாச்சர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள், கணினி அசையாது.

காசு கொடுத்து வாங்குவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடைகளில் தனித்தனிப் பெட்டிகளாகத் தெரியும் நோர்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கம்பனிக்குச் சொந்தம். ஒன்றைவிட மற்றது நல்லதா என்று தலையை உடைக்கத் தேவையில்லை. அவாஸ்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தன் பாவனையாளர்கள் எந்த இணையப் பக்கங்களுக்குப் போகிறார்கள் என்ற விபரத்தை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் வழியாக அது விற்றுவந்தது. விடயம் வெளியானதும் 2020 இல் ஜம்ப்ஷொட்டை மூடினார்கள். 2024 இல் அமெரிக்க வணிக ஆணையம் 16.5 மில்லியன் டொலர் செலுத்தச் சொன்னது. காவலுக்கு வைத்தவரே வீட்டுச் செய்தியை விற்றால் எப்படி மனம் ஏற்கும்? நான் அவாஸ்டைப் போடுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

கஸ்பர்ஸ்கி இங்கே நிறைய விற்பனையாகிறது. நானும் பல ஆண்டுகள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வைரஸ் பிடிப்பதில் அது கெட்டிக்காரன், அதில் ஐயமில்லை. அது ரஷ்யக் கம்பனி என்பதால் அமெரிக்கா 2024 இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. அந்தத் தடை இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதே ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்கப் பாவனையாளர்கள் பலருடைய கணினிகளில் கஸ்பர்ஸ்கி தானாக நீங்கி, அல்ட்ரா ஏவி என்ற வேறொரு மென்பொருள் அவர்களைக் கேட்காமலே வந்து உட்கார்ந்தது. இன்னொரு மென்பொருளை இப்படிச் சத்தமில்லாமல் இறக்கிவைக்கும் அளவு அதிகாரம் ஓர் அண்டிவைரஸுக்கு உண்டு என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தார்கள். அதன் பிறகு புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள் காலம் முடியும்வரை பாவிக்கட்டும்.

பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பழைய கணினிகளில் பாரம் குறைவாக ஓடும் ஈசெட்டை எடுப்பேன். எதை வாங்கினாலும் முதல் ஆண்டு விலை வேறு, புதுப்பிக்கும் விலை வேறு என்பதைப் பார்த்து வாங்குங்கள். வங்கி அட்டையைக் கொடுத்தால் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடுங்கள். பிறகு, அந்தச் சிவப்புப் பெட்டி. அது திரையின் வலது கீழ் மூலையில் குரோம் சின்னத்தோடு வந்தால் அண்டிவைரஸ் காட்டுவதே இல்லை. ஏதோ ஓர் இணையத்தளத்துக்கு "அறிவிப்பு அனுப்பலாம்" என்று யாரோ அனுமதி கொடுத்திருக்கிறார்கள். குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பட்டியலுக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் பெட்டியும் போய்விடும்.

மகளுக்கு நாளாந்தம் வரப்போகும் ஆபத்து பென் டிரைவ். ஒப்படை அச்சிடப் போட்டோ கொப்பி கடைக்குப் போகாமல் கல்லூரி வாழ்க்கை இல்லை. அந்தக் கடைக் கணினிகள்தான் பென் டிரைவ் வைரஸ்களின் தாய்வீடு. இரண்டு மாதங்களுக்கு முன் கொட்டகலைப் பிள்ளை ஒருத்தி கண் சிவந்து வந்தாள். பென் டிரைவைச் செருகினேன். கோப்புறைகளைக் காணோம், ஒரே ஒரு படக்குறி, அதன் மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி, அளவு 2 கேபி. நண்பிகள் "ஃபோர்மட் செய்" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளை அவள் செய்யவில்லை. மறைந்த கோப்புகளையும், வின்டோஸ் பாதுகாத்து ஒளித்து வைக்கும் கோப்புகளையும் காட்டும்படி செட்டிங்ஸில் மாற்றினேன். பெயரே இல்லாத மங்கிய கோப்புறை ஒன்று எழுந்தது. திறந்தால் ஆறு பாடக் குறிப்புகளும் ஒன்றும் குறையாமல் உள்ளே இருந்தன. அந்த வைரஸ் எதையும் அழிப்பதில்லை. எல்லாவற்றையும் ஒளித்துவிட்டு, அம்புக்குறியை நாம் இரட்டைக் கிளிக் செய்யும்வரை காத்திருக்கிறது. ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: பென் டிரைவைச் செருகியதும் அதன் மேல் வலது கிளிக் செய்து ஸ்கேன் செய்ய வேண்டும். அம்புக்குறி உள்ள படக்குறியைத் தொடக் கூடாது. கடைக்கென்று தனியாக ஒரு சின்னப் பென் டிரைவ் வைத்து, அதில் அச்சிட வேண்டிய பிடிஎஃப் தவிர வேறெதையும் போடாமல் இருக்க வேண்டும். சிக்னல் உள்ள நாளில் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.

ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. பொகவந்தலாவைப் பக்கத்துத் திருமணப் படப்பிடிப்பாளர், இளம் பையன். படம் திருத்தும் மென்பொருளின் கிரெக்கை இறக்கினான். "முதலில் அண்டிவைரஸை நிறுத்துக" என்று அதிலேயே எழுதியிருந்தது, நிறுத்தினான். மறுநாள் ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன, ஒன்றும் திறக்கவில்லை. கூடவே ஒரு குறிப்பு: 980 டொலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை. ஸ்டொப் டிஜேவியூ என்ற இந்த வைரஸ் குடும்பம் பெரும்பாலும் கிரெக் வழியாகத்தான் பரவுகிறது. எம்சிசொஃப்ட் நிறுவனம் 2019 இல் இதற்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. பெரும்பாலும் பழைய வகைகளுக்கே அது உதவும். இவனுடையது புதியது. மூன்று திருமணங்களில் ஒன்று மட்டும் தப்பியது, கெமராவின் மெமரி கார்டை இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால். மற்ற இரண்டு வீட்டுக்கும் போய் அவன் சொல்ல வேண்டியிருந்தது. கூட நானும் போனேன்.

அந்த மெமரி கார்டு செய்த வேலையைத்தான் ஹார்ட் டிஸ்க் செய்யும். வாரத்துக்கு ஒரு முறை செருகி, குறிப்புகளைப் பிரதி எடுத்து, உடனே கழற்றிவிட வேண்டும். செருகியபடியே வைத்தால் கப்ப வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2023 ஓகஸ்டில் நம் அரசாங்கத்தின் கிளவுட் அமைப்பையே கப்ப வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை, அந்தக் காலத்துக்கான பிரதி எதுவும் தப்பவில்லை என்பதால். டிஃபென்டரில் கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ் என்றொரு வசதி உண்டு. வழமையில் நிறுத்தப்பட்டே இருக்கும். அதை இயக்கினால் தெரியாத மென்பொருள் எதுவும் ஆவணங்களை மாற்ற முடியாது. சிலவேளை நல்ல மென்பொருளையும் மறிக்கும். அப்போது அதற்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். எல்லாவற்றையும் மீறி ஏதேனும் நடந்தால் பணம் கட்டாமல், கணினியை இணையத்திலிருந்து பிரித்துவிட்டு, கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, காவல் விழித்திருக்கிறதா என்று ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம். ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பின் இணையத்தளத்தில் 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட சோதனைக் கோப்பு ஒன்று கிடைக்கும். அது வைரஸ் இல்லை. எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் உலகின் ஏறக்குறைய எல்லா அண்டிவைரஸ்களும் அதை வைரஸாகவே நடத்த ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதை இறக்கிப் பாருங்கள். இறக்க விடாமலே மறித்தாலோ, இறங்கியதும் எச்சரிக்கை வந்து கோப்பு மறைந்தாலோ நல்லது, மகளிடம் கணினியைக் கொடுத்தனுப்பலாம். கோப்பு சத்தமில்லாமல் வந்து மேசைத் திரையில் உட்கார்ந்துகொண்டால், கணினியை ஹட்டனுக்குக் கொண்டுவாருங்கள் டீச்சர். எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலிலிருந்து தொடங்குவோம்.